எதிர்முனையில் ஒருவர்

"என் தப்பைச் சொல்ல ஆளில்ல, அக்கா" என்றார் பொன்னுலிங்கம்.

பேச்சியம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அது ஒரு குறையா, அண்ணாச்சி?"

"குறைதான்."

"ஊர்ல அம்புட்டுப் பேரும் அதுக்குத்தான ஆசப்படுதாவ."

"நானும் ஆசைப்பட்டேன். கெடச்சிருச்சு. இப்ப தூக்கம் வரல."

அவள் கீரைக்கட்டில் பாதியைப் பிரித்து அவர் பக்கம் தள்ளினாள். அவர் தோள்பையை இறக்கிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து உருவ ஆரம்பித்தார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவளுக்கு நாற்பத்தொன்று. ஆனாலும் அவர் அவளை அக்கா என்பார். அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அவள் அக்காதான்.

கடையத்துக்கு மேற்கே, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் மலையைப் பார்த்து நடந்தால் அந்த வீடு வரும். பெயர்ப்பலகை கிடையாது. மனசு சரியில்லாதவர்கள் வருவார்கள். கொஞ்ச நாள் இருப்பார்கள். தண்ணீர் இறைப்பார்கள், விறகு பிளப்பார்கள், சமைப்பார்கள். பிறகு போய்விடுவார்கள்.

பேச்சியம்மாள் அதற்கு முன்னால் பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கு உதட்டசைவு படிக்கச் சொல்லிக்கொடுத்தவள். அதனால் யார் பேசினாலும் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பேர்தான் பேச்சி, பேச்சு கம்மி.

பொன்னுலிங்கம் முதலில் வந்தது எட்டு வருஷத்துக்கு முன்னால், மனைவி செல்வராணி இறந்த மாதம். பிறகு வருஷம் ஒருமுறை, மார்கழியில், மூன்று நாள். இந்தத் தடவை சித்திரையிலேயே வந்து நிற்கிறார்.

"சொல்லுங்க" என்றாள்.

சொன்னார்.

சென்னைப் பக்கம் ஒரகடத்தில் குறிஞ்சி கம்ப்யூட்டர்ஸ் என்று ஒரு கம்பெனி. மடிக்கணினி செய்கிறார்கள். பெட்டி, திரை, விசைப்பலகை எல்லாம் அவர்களுடையது. ஆனால் உள்ளே மூளையாக இருந்து வேலை செய்கிற பிராசஸர் சிப் மட்டும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிடமிருந்து வரும். அது சொன்ன தேதியில் வராது. வந்தாலும் சூடாக ஓடும். அதன் சூட்டுக்குத் தக்கபடி இவர்கள் விசிறி வைக்க வேண்டும், விசிறிக்குத் தக்கபடி பெட்டியைத் தடியாக்க வேண்டும்.

"அடுத்தவன் அடுப்புல எத்தன நாளைக்குச் சமைக்கிறதுன்னு மீட்டிங்ல கேட்டது நான்தான். நம்ம சிப்ப நாமளே செய்வோம்னேன். சரின்னு என் தலையிலயே கட்டிட்டாங்க. அஞ்சு வருஷம். நானூறு பேர். செஞ்சோம், அக்கா."

"நல்லா வந்துதா?"

"நல்லா வந்துச்சு. காலைல சார்ஜ் போட்டா ராத்திரி வரைக்கும் ஓடுது. மடியில வச்சா சூடு தெரியாது. விசிறியையே எடுத்துட்டோம். மாசி மாசம் கடைக்கு வந்துச்சு. என்னை மேடையில ஏத்தி மாலை போட்டாங்க."

"பொறவு என்ன?"

அவர் ஒரு காம்பை உருவி, வெறும் காம்பையே கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

"முன்னாடி எங்க லேபுக்குள்ள போனா நூறு விசிறி ஓடுற சத்தம் கேக்கும். தேன்கூட்டுக்குள்ள தலைய விட்ட மாதிரி. இப்பவும் நூறு மெஷின் ஓடுது. ஒரு சத்தம் இல்ல. நான் உள்ள போனா எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க. சிரிக்கிறாங்க. எது சொன்னாலும் சரி சார்ங்கிறாங்க."

"முன்ன யாரு தப்பு சொல்லுவா?"

"இம்தியாஸ்."

"அது யாரு?"

"அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பெங்களூர்ல ஒரு ஆபீஸ் உண்டு. அதுல எங்க கம்பெனியைப் பாத்துக்கிட்டவரு. வாணியம்பாடிக்காரரு. புதன்கிழமை நாலு மணி ஆனா போன் வரும். பதினெட்டு வருஷம். அவரு சிப்புல இருக்கிற தப்பை நான் சொல்லுவேன், எங்க மெஷின்ல இருக்கிற தப்பை அவரு சொல்லுவாரு. ரெண்டு பேரும் கத்துவோம். ஒருதரம் நான் முப்பதாயிரம் மெஷினை வெளிய விடாம நிறுத்திட்டேன். அவரு மழையில கிளம்பி வந்து ரெண்டு நாள் எங்க தரையில உக்காந்து தப்பைக் கண்டுபிடிச்சுட்டுப் போனாரு."

"சேக்காளியா?"

"தெரியல. நேர்ல பாத்தது அஞ்சாறு தடவைதான். வீட்டுக்கு வந்ததில்ல, நானும் போனதில்ல." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "செல்வராணி தவறிப்போன வாரமும் புதன்கிழமை நாலு மணிக்கு அடிச்சாரு. நான் எடுத்தேன். பேச வரல. அவரும் ஒண்ணும் கேக்கல. ஒரு மணி நேரம் லைன்லயே இருந்தாரு. மூச்சு விடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அடுத்த புதன்கிழமை பழையபடி சண்டை."

பேச்சியம்மாள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப அவரு எங்க?"

"எங்க சிப் வந்ததும் அவங்ககிட்ட வாங்குறதை நிறுத்தியாச்சு. எங்க கம்பெனியைப் பாத்துக்கிட்ட பதினோரு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு கேள்வி."

"அவரையுமா?"

"அவரையும்."

"பேசுனியளா?"

கீரை முடிந்துவிட்டது. அவர் தரையில் சிந்திய இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"இல்ல."

"ஏன்?"

"என்னன்னு பேச? நிறுத்தச் சொன்னது நான்தானே."

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்குக் கொழம்பு நீங்க வைங்க" என்றாள்.

*

மறுநாள் அவர் புளிக்குழம்பு வைத்தார்.

வீட்டில் அப்போது ஒன்பது பேர். சமைத்தவர்தான் பரிமாற வேண்டும். கடைசியில்தான் சாப்பிட வேண்டும். அது அங்கே வழக்கம்.

எல்லாரும் சாப்பிட்டார்கள். நாகர்கோவிலில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற தாணுமூர்த்தி இரண்டாம் தடவையும் குழம்பு வாங்கிக்கொண்டார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் பொன்னுலிங்கம்.

"நல்லா இருக்கு, சார்."

எட்டுப் பேரும் அதையே சொன்னார்கள்.

கடைசியாக அவர் உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்தார். குழம்பில் உப்பே இல்லை.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். தாணுமூர்த்தி வேப்பமரத்தடியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உப்பு போட மறந்துட்டேன். ஏன் சொல்லல?"

தாணுமூர்த்தி தட்டைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார்.

"நீங்க கேட்ட மொகம் அப்படி, சார்."

"எப்படி?"

"நல்லா இருக்குன்னு சொல்லணுங்குற மாதிரி."

பொன்னுலிங்கம் அங்கேயே நின்றார். தாணுமூர்த்தி உள்ளே போய்விட்டார். வெயில் மரத்தைத் தாண்டி அவர் கால்மேல் வந்து விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சியம்மாள் வந்தாள். கையில் அவர் தள்ளிவைத்த தட்டு. அதில் ஒரு ஓரத்தில் உப்பு வைத்திருந்தாள்.

"சாப்புடுங்க."

சாப்பிட்டார்.

"ஆபீஸ்ல ஒருத்தரும் தப்பு சொல்லலியா, அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

சோற்றைப் பிசைந்தார். கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துச் சாப்பிட்டார்.

"ஒருத்தி சொன்னா" என்றார்.

*

அந்தப் பெண்ணின் பெயர் ரெஜினா. சோதனைப் பிரிவில் வேலை. தூத்துக்குடிப் பக்கம். முப்பத்திரண்டு வயசு இருக்கும். சத்தமாகப் பேச மாட்டாள்.

நாலு வாரத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். ஒன்றரைப் பக்கம். சுருக்கம் இதுதான்.

நல்ல கோடை வெயிலில், காற்றில்லாத அறையில், பேட்டரி குறைந்திருக்கும்போது மெஷினை மூடித் திறந்தால் நாற்பது மெஷினில் ஒன்றில் சிப் தப்பாகக் கணக்குப் போடுகிறது. கடைசியாகச் சேமித்தது சிதைந்துபோகிறது. குளிர்சாதன அறையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியாது. நான் தகரக் கூரைக்கடியில் வைத்துப் பார்த்தேன்.

அவர் அவளைக் கூப்பிட்டார். இன்னொரு தடவை சோதித்துப் பாருங்கள் என்றார். சோதித்தேன் சார் என்றாள். இன்னும் ஒரு தடவை என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"அவ பொய் சொல்லுதான்னு நெனச்சியளா?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"இல்ல."

"பொறவு?"

"இருக்காதுன்னு நெனச்சேன். நம்ம சிப்புல எப்படி இருக்கும்னு. காது கேட்டுச்சு. உள்ள போகல."

"இப்ப அந்தப் பெட்டியெல்லாம் எங்க?"

"கொஞ்சம் கடைக்குப் போயாச்சு. இன்னும் முப்பதாயிரம் குடோன்ல இருக்கு. கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு. நாளைக்குக் காலைல லாரியில ஏத்துறாங்க."

"பள்ளிக்கூடத்துல கூர என்ன கூர?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாதிக்கு மேல தகரம்" என்றார்.

*

வீட்டுக்குப் பின்னால் ஓடை. சித்திரையில் தண்ணீர் நூல் மாதிரிதான் ஓடும். ஓரத்தில் ஒரு பெரிய பாறை.

"பையில என்ன கொண்டாந்திருக்கிய?" என்று கேட்டாள்.

வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு மடிக்கணினி கொண்டுவந்திருந்தார். புதுச் சிப் போட்டது. நேற்றிலிருந்து பையைவிட்டு எடுக்கவில்லை.

"எடுத்தாங்க."

எடுத்துவந்தார். அவள் அதைப் பாறைமேல் வைத்துத் திறந்தாள். திரை வெளிச்சம் வெயிலில் தெரியவில்லை. சத்தமும் இல்லை.

அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"இதுக்குள்ள இருக்கது இம்தியாஸ் செஞ்சு குடுத்த சிப்புன்னு வச்சுக்கிடுங்க. இன்னைக்குப் புதன்கிழமை. மணி நாலு."

அன்று ஞாயிற்றுக்கிழமை. மணி இரண்டுகூட ஆகவில்லை.

"அக்கா, இது என்ன..."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"பாய், ஒரு சின்ன விஷயம். நம்ம பொண்ணு ஒருத்தி ஒரு ரிப்போர்ட் குடுத்திருக்கா..."

"அவருகிட்ட இப்படித்தான் மெல்லப் பேசுவியளோ?"

"இல்ல."

"பொறவு?"

அவர் எழுந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். வலது கை தானாகவே காதுக்குப் போயிற்று.

"பாய், என்ன அனுப்பியிருக்கீங்க?"

குரல் பாறையில் பட்டுத் திரும்பியது. தோட்டத்தில் குனிந்திருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"வெயில்ல வச்சா ஓடாதா உங்க சிப்பு? இது லண்டன்ல விக்கவா செஞ்சிருக்கீங்க? விளாத்திகுளத்துல விக்கணும். அங்க கரண்ட் போனா மூணு மணி நேரம் வராது. பேட்டரி எறங்கத்தான் செய்யும். பிள்ளைங்க மூடத்தான் செய்யும், திறக்கத்தான் செய்யும். அது அப்பிராணியா ஒரு கட்டுரை எழுதி வச்சிருக்கும். மறுநாள் திறந்தா கொத்துக்கறி போட்ட மாதிரி கெடக்கும். வாத்தியார் அந்தப் பிள்ளையைத்தான் அடிப்பாரு. உங்களையா அடிப்பாரு? எங்க வச்சு சோதிச்சீங்க? ஏசி ரூம்லயா? விசிறிய எடுத்தது யாரு? விசிறி இருந்த எடத்துல சூட்டை இழுக்க ஒரு தகடாவது வச்சீங்களா? அந்தப் பொண்ணு எழுதி நாலு வாரம் ஆச்சு. நாலு வாரம் என்ன பண்ணீங்க? பூஜை பண்ணீங்களா?"

மூச்சு வாங்கியது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"பதில் சொல்லுங்க, பாய்."

கையைக் காதில் வைத்தபடியே நின்றார்.

ஓடை சத்தம் கேட்டது. மேலே மலையில் எங்கேயோ ஒரு மந்தி கத்தி அடங்கியது. மடிக்கணினி சும்மா இருந்தது.

வெகு நேரம் நின்றார். கை மெல்ல இறங்கியது.

"அவரு என்ன சொல்லுவாரு?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"முதல்ல பதிலுக்குக் கத்துவாரு."

"பொறவு?"

"பாத்துட்டுக் கூப்பிடுறேம்பாரு. நெசமாவே தப்புன்னா மழுப்ப மாட்டாரு. ஒரு நாளும் மழுப்பினதில்ல."

"என்னன்னு ஒத்துக்கிடுவாரு?"

அவர் பாறையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

"கேக்கல" என்றாள். "சத்தமாச் சொல்லுங்க."

"என் தப்புதான்" என்றார் பொன்னுலிங்கம்.

வாயைத் திறந்தார். அதற்கு அப்புறம் சேர்க்க 'ஆனா' என்று ஒரு வார்த்தை வைத்திருந்தார். அது வரவில்லை.

அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

பேச்சியம்மாள் மடிக்கணினியை மூடி, முந்தானையால் அதன்மேல் படிந்த தூசியைத் துடைத்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"பஸ் திரும்புத எடத்துல போன் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

*

பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு டீக்கடையும் ஒரு புளியமரமும் உண்டு. மரத்தடியில் நின்று முதலில் ரெஜினாவைக் கூப்பிட்டார்.

"சார்?"

"நீங்க எழுதினது சரி, ரெஜினா."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"பள்ளிக்கூட மெஷின் ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது. குடோனுக்குப் போன் பண்ணுங்க. என் பேரைச் சொல்லுங்க."

"கடைக்குப் போனது, சார்?"

"அதையும் திருப்பி வாங்கணும். நான் எம்.டி.கிட்ட பேசிக்கிறேன்."

பிறகு மெல்லச் சொன்னாள்.

"நாலு வாரமா நான் யார்கிட்டயும் சரியா பேசல, சார். ஹாஸ்டல் ரூம்ல உக்காந்து திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன். எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சோன்னு."

"கெடல" என்றார். "எனக்குத்தான்."

எம்.டி.யிடம் பேசியது நீளமாகப் போகவில்லை. உங்க பேரு என்ன ஆகும் தெரியுமா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். தெரியும் என்று பொன்னுலிங்கமும் இரண்டு தடவை சொன்னார். நாளைக்குக் காலையில் ஆபீஸில் இருக்க வேண்டும் என்று சொல்லி எம்.டி. போனை வைத்துவிட்டார்.

இன்னும் ஒரு எண் இருந்தது.

டீ வாங்கினார். குடித்தார். கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார். தென்காசி பஸ் வந்து ஆட்களை இறக்கியது. ஏறவில்லை.

எண்ணை அழுத்தினார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தார்கள்.

"ஹலோ."

"பாய். லிங்கம்."

பின்னால் எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. யாரோ கதவைச் சாத்தினார்கள். அழுகை நின்றது.

"சொல்லுங்க, சார்."

"எப்படி இருக்கீங்க?"

பதினெட்டு வருஷத்தில் ஒருவரை ஒருவர் கேட்டிராத கேள்வி அது.

"இருக்கேன்."

"நான் உங்ககிட்ட முன்னாடியே பேசியிருக்கணும்."

"ஆமா" என்றார் இம்தியாஸ்.

பொன்னுலிங்கம் புளியமரத்தின் பட்டையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"உங்க புது மெஷின் ஒண்ணு வாங்கினேன்" என்றார் இம்தியாஸ். "போன மாசம்."

"எதுக்கு, பாய்?"

"வீட்ல சும்மாதானே இருக்கேன். பிரிச்சுப் பாத்தேன். மொட்டை மாடியில வெயில்ல வச்சு ஓட்டிப் பாத்தேன். உங்க கம்பெனி நம்பருக்கு நாலு தடவை அடிச்சேன், சார். ஒரு பொம்பளைக் குரல். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. கேட்டுக் கேட்டு வச்சுட்டேன்."

"என் நம்பர் உங்ககிட்ட இருக்கே."

"இருக்கு."

"எனக்கு அடிச்சிருக்கலாமே, பாய்."

"வேலை போன ஆளு அடிச்சா, வேலை கேக்கத்தான் அடிக்கிறான்னு நெனப்பீங்க, சார்."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் திரும்பித் தென்காசிப் பக்கம் போயிற்று. அது கிளப்பிய புழுதி மரத்தடி வரைக்கும் வந்து அடங்கியது.

"பாய்" என்றார் பொன்னுலிங்கம். அதற்குமேல் குரல் எழவில்லை.

எதிர்முனையில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வைக்கவில்லை.

பிறகு இம்தியாஸ் தொண்டையைச் செருமினார்.

"மொத்தம் எட்டு தப்பு இருக்கு, சார். சின்னதை முதல்ல சொல்லவா, பெருசைச் சொல்லவா?"